ஒரு வங்கி விழுந்தால் எத்தனை வங்கி சேர்ந்து விழும்?

2023 மார்ச்சில் பத்தே நாளில் இரண்டு செய்திகள் வந்தன. 10ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. 19ஆம் தேதி, 167 ஆண்டு பழைய கிரெடிட் சுவிஸை அதன் போட்டியாளரான யுபிஎஸ் வாங்கிக்கொள்ளும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த நாள்களில் சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இரண்டு வகைப் பேச்சு ஓடியது. "எல்லா வங்கியும் ஒன்றோடு ஒன்று பிணைந்ததுதான், ஒன்று போனால் எல்லாம் போகும்" என்பது ஒரு கட்சி. "நம்ம வங்கி பெரிசு, அதெல்லாம் அசையாது" என்பது எதிர்க்கட்சி.

இரண்டு கட்சிக்கும் குழப்பம் ஒன்றுதான். பெரிய வங்கி, பிணைப்பு அதிகமுள்ள வங்கி, ஆபத்தான வங்கி ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் பேசிவிடுகிறோம். இவை வெவ்வேறு சங்கதிகள். தனித்தனியாக அளக்க வேண்டியவை. எப்படி அளக்கிறார்கள், அந்த அளவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பொருளியல் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் கூட்டல் கழித்தல் வரும், அவ்வளவுதான்.

## பெரியது விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை, சிறியது விழுந்து சந்தையே மூடியது

நம் ஊரிலேயே நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

1995 பிப்ரவரியில் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி திவாலானது. 1762இல் தொடங்கிய வங்கி அது. சிங்கப்பூரில் அதன் வணிகராக இருந்த நிக் லீசன், இங்கிருந்த சைமெக்ஸ் என்ற எதிர்கால ஒப்பந்தச் சந்தையில் மறைத்து மறைத்து ஆடிய ஆட்டத்தில் 827 மில்லியன் பவுண்டு போனது. இங்கிலாந்து வங்கி, அதாவது அந்நாட்டின் மத்திய வங்கி, பேரிங்ஸைக் காப்பாற்றப் பொதுப் பணத்தைத் தரவில்லை. டச்சு நிறுவனமான ஐஎன்ஜி ஒரே ஒரு பவுண்டுக்கு அதை வாங்கியது. உலகமே பேசியது, படம்கூட எடுத்தார்கள். ஆனால் வேறு வங்கிகள் வரிசையாகச் சரியவில்லை.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1985 இறுதியில், பான் எலெக்ட்ரிக் என்ற உள்ளூர் நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அது வங்கியே இல்லை. கப்பல் மீட்புப் பணி, ஹோட்டல், சொத்து என்று தொழில் செய்த கம்பெனி. ஆனால் அதன் பங்குகளை வைத்து, "இன்ன தேதியில் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்ற முன்னோக்கு ஒப்பந்தங்களைப் பங்குத் தரகு நிறுவனங்கள் தங்களுக்குள் எழுதிக் குவித்திருந்தன. அவற்றை நம்பி வங்கிகளும் கடன் கொடுத்திருந்தன. கம்பெனி விழுந்ததும் எந்தத் தரகர் யாருக்கு எவ்வளவு தரவேண்டும், யார் நிற்பார், யார் கவிழ்வார் என்பது யாருக்கும் தெரியவில்லை. டிசம்பர் 2 முதல் 4 வரை, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பங்குச் சந்தைகள் மூன்று நாள் மூடிக் கிடந்தன. தரகர்களைத் தாங்கிப் பிடிக்க உள்ளூரின் நான்கு பெரிய வங்கிகள் 180 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிதியை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

பேரிங்ஸோடு ஒப்பிட்டால் பான் எலெக்ட்ரிக் பொடியன். வேறுபாடு அளவில் இல்லை, இருந்த இடத்தில் இருந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே பேரிங்ஸ் 1890இல் அர்ஜென்டினாக் கடன்களில் மாட்டித் தள்ளாடியபோது, அது விழுந்தால் லண்டன் நிதிச் சந்தையே விழும் என்று பயந்து அதே இங்கிலாந்து வங்கி முன்னின்று காப்பாற்றியது. ஒரே வங்கி, ஒரே பெயர். 1890இல் விடமுடியாதது, 1995இல் விட்டுவிடக்கூடியது. பிணைப்பு என்பது ஒரு வங்கியின் பிறவிக் குணம் அல்ல; அந்தந்தக் காலத்தில் அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சி அதோடு நிற்காமல், கடன் கொடுப்பது, பணம் அனுப்புவது, சேமிப்பைக் காப்பது போன்ற நிதி அமைப்பின் அன்றாட வேலைகளையே முடக்கிவிடும் வாய்ப்பைத்தான் 'அமைப்பு ரீதியான ஆபத்து' என்கிறார்கள். ஒரு வங்கி நட்டப்படுவது அந்த வங்கியின் ஆபத்து. அந்த நட்டம் சம்பந்தமே இல்லாதவர் வீட்டு வாசலுக்கு வந்தால்தான் அது அமைப்பின் ஆபத்து.

## தேக்காவில் நான்கு கடை

நட்டம் எப்படிப் பயணம் செய்கிறது? சிங்கப்பூர்த் தேக்கா கடைத்தெருவில் அடுத்தடுத்து நான்கு பேர் தொழில் செய்வதாக வைத்துக்கொள்வோம். உணவகக்காரர், காய்கறி மொத்த வியாபாரி, மளிகைக்காரர், பூக்கடை அம்மா.

உணவகம் காய்கறிக்காரருக்கு 50,000 வெள்ளி பாக்கி. காய்கறிக்காரர் மளிகைக்காரரிடம் 45,000 வெள்ளி கைமாற்று வாங்கியிருக்கிறார். மளிகைக்காரர் பூக்கடை அம்மாவிடம் 40,000 வாங்கியிருக்கிறார். நடுவில் இருக்கும் காய்கறிக்காரரிடமும் மளிகைக்காரரிடமும் ஆளுக்கு 5,000 ரொக்கம் உண்டு.

காய்கறிக்காரரின் கணக்கைப் பாருங்கள். வரவேண்டியதும் கையில் உள்ளதும் சேர்த்து 55,000. கொடுக்க வேண்டியது 45,000. ஆக, அவருடைய சொந்தப் பணம் என்று சொல்லக்கூடியது 10,000. மளிகைக்காரருக்கும் அதே கணக்குதான்: 50,000 கழித்தல் 40,000, மீதி 10,000.

இப்போது உணவகம் மூடிவிட்டது. மேசை நாற்காலி வரை விற்றும் 20,000தான் தேறியது. காய்கறிக்காரருக்கு 30,000 நட்டம். அவரிடம் இப்போது 20,000, அதோடு 5,000 ரொக்கம், மொத்தம் 25,000. அதை அப்படியே மளிகைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கையை விரிக்கிறார். மளிகைக்காரருக்கு வந்தது 25,000, கையில் 5,000, ஆக 30,000. அது பூக்கடைக்குப் போகிறது. பூக்கடை அம்மாவுக்கு 10,000 நட்டம்.

அந்த அம்மா உணவகத்துக்கு ஒரு முழம் பூகூட விற்றதில்லை. உணவகக்காரர் யாரென்றே தெரிந்திருக்க வேண்டியதில்லை. 30,000 நட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் தலையில் வந்து விழுந்தது. நடுவில் இருவர் மூழ்கிப்போனார்கள்.

இதே கணக்கை இரண்டு விதமாக மாற்றிப் பார்க்கலாம். முதலாவது: காய்கறிக்காரரின் சொந்தப் பணம் 10,000க்குப் பதில் 30,000 என்றால், நட்டம் முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டு மளிகைக்காரருக்குப் பாக்கியில்லாமல் கொடுத்திருப்பார். சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்திருக்கும்.

இரண்டாவதுதான் பலர் யோசிக்காதது. காய்கறிக்காரர் ஒரே உணவகத்துக்கு 50,000 கடன் வைக்காமல், ஐந்து உணவகங்களுக்குப் பத்துப் பத்தாயிரமாக வைத்திருந்தால்? ஒன்று மூடினால் வெள்ளிக்கு 40 காசு தேறும் என்ற அதே விகிதத்தில் அவருக்கு நட்டம் 6,000. சொந்தப் பணம் 10,000 இருக்கிறது, சமாளித்துவிடுவார். அதாவது பிணைப்பு கூடியது, ஆபத்து குறைந்தது. ஆனால் ஐந்தும் ஒரே காரணத்தால் ஒரே மாதத்தில் மூடினால் நட்டம் மறுபடி 30,000. ஐந்தாகப் பிரித்து வைத்ததில் ஒரு பயனும் இல்லை.

இதைத்தான் பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து விதவிதமான கணித மாதிரிகளில் காட்டி வருகிறார்கள். ஆலன், கேல் இருவரின் ஆய்வு அவற்றில் முன்னோடி. பிணைப்புகள் சிறிய அதிர்ச்சியைப் பங்கிட்டுக் கரைத்துவிடும். அதிர்ச்சி ஓர் எல்லையைத் தாண்டினால் அதே பிணைப்புகள் அதை எல்லாருக்கும் எடுத்துச் செல்லும். "பிணைப்பு நல்லதா கெட்டதா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது.

இதுவரை: அளவும் பிணைப்பும் வேறு. நட்டம் கடன் சங்கிலி வழியே நேரடித் தொடர்பு இல்லாதவருக்கும் போகும். அதைத் தடுத்து நிறுத்துவது ஒவ்வொருவரின் சொந்தப் பணம். எத்தனை பேரோடு பிணைப்பு என்ற எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் எதையும் சொல்ல முடியாது.

## வங்கிகள் ஏன் தங்களுக்குள் கடன் வாங்குகின்றன?

கடைத்தெருவை விட்டு வங்கிக்கு வருவோம். ஒரு வங்கியில் இன்று பணம் வைப்பவர்கள் அதிகம், எடுப்பவர்கள் குறைவு; கையில் மிச்சம். அடுத்த வங்கியில் அதற்கு நேர்மாறு. மிச்சம் உள்ளது பற்றாக்குறை உள்ளதற்கு ஓர் இரவுக்கோ ஒரு வாரத்துக்கோ கொடுக்கும். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு வங்கியும் மலை போல ரொக்கத்தைக் குவித்து வைக்க வேண்டும், வீட்டுக் கடனுக்கு நாம் கட்டும் வட்டியும் ஏறும். புதிய ஏற்பாடும் அல்ல இது. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் தொழில் செய்த நகரத்தார் கடைகள் தங்களுக்குள் பணம் கொடுத்து வாங்கின. அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடப்பு வட்டி என்று தனி விகிதமே இருந்தது.

ஓரிரவுக் கடன் தவிர, ஒரு வங்கி வெளியிட்ட பத்திரங்களை இன்னொரு வங்கி வாங்கி வைத்திருக்கும். வட்டி, நாணய மாற்று விகிதம் ஆகியவை மாறுவதிலிருந்து காத்துக்கொள்ள ஒன்றோடு ஒன்று ஒப்பந்தம் போட்டிருக்கும். பணப் பரிமாற்றமும் ஒரு பிணைப்புதான். 1974 ஜூனில் ஜெர்மனியின் ஹெர்ஷ்டாட் வங்கி, மற்ற வங்கிகளிடம் மார்க் நாணயத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு நியூயார்க்கில் டாலர் கொடுப்பதற்குள் மூடப்பட்டது. கொடுத்தவர்கள் கொடுத்ததுதான். அந்தப் பாடத்துக்குப் பிறகுதான், பெரிய தொகைகளை நாள் முடிவில் மொத்தமாகக் கழித்துக்கொள்ளாமல் அந்தந்த நிமிடமே ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முறை உலகெங்கும் பரவியது. சிங்கப்பூர் நாணய ஆணையம் நடத்தும் மெப்ஸ் பிளஸ் அப்படிப்பட்டது.

காய்கறிக்காரரின் சொந்தப் பணம்தான் வங்கியில் 'மூலதனம்'. பெட்டியில் பூட்டி வைத்த பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வங்கியின் சொத்து மொத்தத்திலிருந்து அது பிறருக்குத் தரவேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவது. கழித்து வரும் ஓர் எண், அவ்வளவுதான். கடைக்காரர்களின் மூலதனமாவது ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. பொதுவாக வங்கிகளுக்கு அதைவிட மிக மெல்லிய அடுக்குதான். அதனால்தான் வங்கிச் சங்கிலியில் நட்டம் வேகமாகத் தாண்டித் தாண்டிப் போகிறது.

## கடன் இல்லாமலும் பரவும்

கடன் சங்கிலியை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். என் கணிப்பில் மீதிப் பாதிதான் அதிக ஆபத்தானது.

இரண்டு வங்கிகளுக்குள் ஒரு காசு கொடுக்கல் வாங்கல் இல்லை, ஆனால் இரண்டும் ஒரே வகைப் பத்திரத்தை மூட்டை மூட்டையாக வைத்திருக்கின்றன. முதல் வங்கிக்கு அவசரமாகப் பணம் தேவை. கிடைத்த விலைக்கு விற்றுத் தள்ளுகிறது. சந்தை விலை இறங்குகிறது. இரண்டாவது வங்கியின் பத்திரங்களும் அதே விலைக்கு மதிப்பிழக்கின்றன, அதன் மூலதனம் கரைகிறது, அதுவும் விற்கத் தொடங்குகிறது. இதற்கு 'அவசர விற்பனை' என்று பெயர். ஒருவர் விற்பது இன்னொருவரை விற்க வைக்கும்.

பயம் இன்னொரு வழி. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் திவாலானபோது, அங்கே ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற பணச் சந்தை நிதியிடம் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் நிதி) 785 மில்லியன் டாலர் மதிப்புள்ள லீமன் பத்திரங்கள் இருந்தன. 60 பில்லியனுக்கு மேல் வைத்திருந்த நிதிக்கு அது ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டிய தொகை. நட்டம் அவ்வளவுதான். ஆனால் மறுநாளுக்குள் முதலீட்டாளர்கள் கூட்டமாகப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதே வகையான மற்ற நிதிகளிடமும் கேட்டார்கள். கடன் அட்டவணையில் ஒரு விழுக்காடு என்று பதிவாகியிருக்கும் பிணைப்பு, நிஜத்தில் ஒரு துறையையே உலுக்கியது.

சிங்கப்பூரிலும் அதே ஆண்டில் இதன் மென்மையான வடிவம் ஒன்றைப் பார்த்தோம். அக்டோபரில் ஆஸ்திரேலியாவும் ஹாங்காங்கும் தங்கள் வங்கிகளில் உள்ள வைப்புத்தொகை முழுவதற்கும் உத்தரவாதம் தருவதாக அறிவித்தன. சிங்கப்பூர் வங்கிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் உத்தரவாதம் உள்ள ஊருக்குப் பணம் ஓடிப்போகக்கூடும். அக்டோபர் 16 அன்று சிங்கப்பூரும் 2010 இறுதி வரை எல்லா வைப்புகளுக்கும் உத்தரவாதம் தந்தது, நாட்டின் சேமிப்பிலிருந்து 150 பில்லியன் வெள்ளியைப் பின்புலமாக நிறுத்தி. அண்டை ஊரின் கொள்கை முடிவுகூட ஒரு பிணைப்புதான் என்று அன்று தெரிந்தது.

## அளக்கும் முதல் வழி: கணக்கேடுகள்

சரி, இதையெல்லாம் எண்ணாக மாற்றுவது எப்படி?

நேரான வழி, நான்கு கடைக்கும் செய்ததை எல்லா வங்கிக்கும் செய்வது. வரிசையிலும் நிரலிலும் வங்கிகளின் பெயரை எழுதி, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பிறகு ஒரு வங்கியைக் கற்பனையாகக் கவிழ்த்து, நட்டம் எங்கெங்கே போகிறது, எத்தனை வங்கியின் மூலதனம் தீர்கிறது என்று கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். ஐசன்பர்க், நோ இருவரும் 2001இல் இந்தத் தீர்வைக் கணித ஒழுங்கோடு எழுதினார்கள். பெயர் பெரிதாகத் தெரிந்தாலும் செய்வது நாம் தேக்காவில் செய்த கழித்தல்தான்.

2012இல் வந்த டெப்ட்ரேங்க் என்ற அளவு இதை ஒரு படி நகர்த்தியது. ஒரு வங்கி முழுதாக விழுந்தால்தான் அடுத்ததற்குப் பாதிப்பு என்று எண்ணாமல், அதன் மூலதனம் பாதி கரைந்தாலே அதற்குக் கடன் கொடுத்தவரின் சொத்தும் ஓரளவு மதிப்பிழக்கிறது என்று கணக்கில் சேர்த்தது. நியாயமான யோசனை. நோய் முற்றிப் படுக்கையில் விழுவதற்கு முன்பே உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறது.

இந்த வழியின் சிக்கல், கட்டங்களை யார் நிரப்புவது என்பதே. எந்த வங்கி எந்த வங்கிக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது ரகசியம். மேற்பார்வை செய்யும் ஆணையங்களிடம்தான் இருக்கும், அவற்றிடமும் தங்கள் எல்லைக்குள் உள்ளதே முழுமையாக இருக்கும். வெளியில் இருக்கும் ஆய்வாளர்களுக்குத் தெரிவது ஒவ்வொரு வங்கியின் மொத்தக் கடன் மட்டும். அந்த மொத்தத்தை எல்லாரிடமும் சமமாகப் பரப்பிக் கட்டங்களை நிரப்புவது பழைய பழக்கம். மேலே காய்கறிக்காரரின் 50,000 ஒரே இடத்தில் இருந்ததா, ஐந்தாகப் பிரிந்திருந்ததா என்பதில்தானே எல்லாமே இருந்தது? அதையே ஊகத்தால் நிரப்பிவிட்டுக் கிடைக்கும் விடையை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

அதனால் உலக அளவில் பேசல் குழு இன்னும் எளிய ஒரு மதிப்பெண் முறையை வைத்திருக்கிறது. வங்கி மேற்பார்வையாளர்களின் இந்தப் பன்னாட்டுக் குழு, ஒரு வங்கி விழுந்தால் உலகத்துக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை ஐந்து பகுதியாகப் பார்க்கிறது: அளவு, எல்லை தாண்டிய தொழில், பிற நிதி நிறுவனங்களோடு பிணைப்பு, அதன் வேலையை வேறொருவர் எடுத்துச் செய்வது எவ்வளவு கடினம், சிக்கலான வணிகம். ஒவ்வொன்றுக்கும் 20 விழுக்காடு. பிணைப்புக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கே கிடைப்பதைக் கவனியுங்கள். அந்தப் பகுதியிலும் கேட்பது மொத்தத் தொகைகளைத்தான்: நிதி நிறுவனங்களுக்குக் கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு, வெளியிட்ட பத்திரங்கள் எவ்வளவு. சங்கிலியின் வடிவம் அதில் தெரியாது. குறைதான். ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நிரப்பக்கூடிய படிவம் என்ற வகையில் உதவுகிறது.

## இரண்டாவது வழி: பங்கு விலை

கணக்கேடு கிடைக்காதவர்கள் பங்குச் சந்தையின் பக்கம் போனார்கள். வங்கியைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக அறிந்ததெல்லாம் பங்கு விலையில் ஓரளவாவது வந்துவிடும், விலை தினமும் எல்லாருக்கும் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம்.

இதில் அதிகம் அடிபடும் பெயர் கோவார். ஏட்ரியன், புரூனர்மையர் இருவரும் உருவாக்கியது. முதலில் 'வார்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நூறு நாளில் 95 நாள் நட்டம் இந்தத் தொகையைத் தாண்டாது என்று சொல்லக்கூடிய எல்லைக்கோடு அது. கோவார் கேட்பது: ஒரு குறிப்பிட்ட வங்கிக்கு மிக மோசமான நாளாக இருக்கும்போது, மொத்த அமைப்பின் எல்லைக்கோடு எங்கே போய் நிற்கிறது? கற்பனை எண்ணில் சொன்னால், அந்த வங்கிக்குச் சாதாரண நாளில் அமைப்பின் எல்லை 2 விழுக்காடு நட்டம். அந்த வங்கிக்குக் கெட்ட நாளில் அது 5 விழுக்காடு. வித்தியாசம் 3. அந்த மூன்றுதான் அமைப்பு ரீதியான ஆபத்தில் அந்த வங்கியின் பங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று எஸ்ரிஸ்க். பொருளியல் நோபெல் பரிசு பெற்ற ராபர்ட் எங்கலும் வைரல் ஆச்சார்யாவும் இதன் பின்னால் உள்ளவர்களில் இருவர். இது கேட்கும் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் விடை பணமாக வருகிறது: பங்குச் சந்தை ஆறு மாதத்தில் 40 விழுக்காடு சரிந்தால், இந்த வங்கிக்கு எவ்வளவு மூலதனம் குறையும்?

போட்டுப் பார்ப்போம். ஒரு வங்கியின் கடன் 900 மில்லியன் வெள்ளி, அதன் பங்குகளின் சந்தை மதிப்பு 100 மில்லியன். அந்தச் சரிவில் இதன் பங்கு பாதியாகும் என்று பழைய விலைப் போக்கு சொல்கிறது. அப்போது மீதி 50. வங்கியின் மொத்தம் 950. அதில் 8 விழுக்காடு மூலதனம் வேண்டும் என்றால் தேவை 76. இருப்பது 50. பற்றாக்குறை 26 மில்லியன். எல்லா வங்கிகளின் பற்றாக்குறையையும் கூட்டினால், நெருக்கடி நேரத்தில் யாராவது கொண்டுவந்து போட வேண்டிய தொகையின் தோராயம் கிடைக்கும். ஒரு வங்கிக்கு 26 குறைந்தால் சந்தையில் திரட்டிக்கொள்ளலாம். எல்லா வங்கிக்கும் ஒரே நேரத்தில் குறைந்தால் திரட்டச் சந்தையே இருக்காது. ஆபத்து அமைப்பு ரீதியானதாக மாறும் இடம் அதுதான்.

ஒரு நிமிடம்: கணக்கேட்டு வழி, யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற வரைபடத்தைத் தேடுகிறது. பங்கு விலை வழி, யார் யாரோடு சேர்ந்து விழுகிறார்கள் என்பதைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே விடையைத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இங்கேதான் செய்திகளில் அதிகம் சறுக்குகிறார்கள். இரண்டு வங்கிப் பங்குகள் ஒன்றாக இறங்கினால் "பிணைப்பு கூடிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க வட்டி விகிதம் மாறும் நாளில் சிங்கப்பூரின் உள்ளூர் வங்கிகளான டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி மூன்றும் ஒன்றாக நகர்ந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் கடன்பட்டதாக அர்த்தமில்லை. மூன்றுக்கும் ஒரே காற்று வீசியிருக்கிறது. அப்படி ஒரே காற்றில் மூன்றும் ஆடுவது நிச்சயம் கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஐந்து உணவகமும் ஒரே மாதத்தில் மூடும் வகை அது. ஆனால் அதற்கு மருந்து வேறு, கடன் சங்கிலிக்கு மருந்து வேறு.

விலை வழிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஊரெல்லாம் அமைதியாக இருக்கும்போது பங்குகள் மெதுவாக ஆடும், அளவுகள் எல்லாம் இதமாகத் தெரியும். கடன் குவிவதோ பெரும்பாலும் அந்த அமைதிக் காலத்தில்தான். நெருக்கடி வந்தபின் எண்கள் சிவப்பாகும். அதற்குள் செய்தித்தாள் பார்த்தே தெரிந்திருக்கும்.

## சிங்கப்பூரில் அளவுகோல் எங்கே இடறும்?

மற்ற நாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அப்படியே இங்கே பொருத்துபவர்கள் சில விஷயங்களை மறந்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் இயங்கும் வங்கிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு வங்கிகளின் கிளைகள். கிளைக்குத் தனிப் பங்கு கிடையாது. ஆகவே தனி விலையும் கிடையாது. ஷென்டன் வே கட்டடத்தில் இருக்கும் கிளையின் ஆரோக்கியத்தை நியூயார்க்கிலோ டோக்கியோவிலோ விற்கும் தாய் வங்கிப் பங்கை வைத்து ஊகிக்க வேண்டும். கோவாரும் எஸ்ரிஸ்க்கும் பார்க்கும் பட்டியலில் அந்தக் கிளைகள் தனியாக இருக்கவே இருக்காது.

மூன்று உள்ளூர் வங்கிகளுக்குப் பங்கு விலை உண்டு. ஆனால் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் அந்த மூன்றுக்கும்தான் மிகப் பெரிய எடை. குறியீடு சரியும்போது வங்கி எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பது, ஓரளவுக்கு வங்கியை அதோடேயே ஒப்பிடுவதாகிவிடும். உள்ளூர்க் குறியீட்டை வைத்து வரும் பெரிய எண்களைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். எதோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

எல்லை தாண்டிய கடனும் உண்டு. 1968இல் ஆசிய டாலர் சந்தை தொடங்கிய நாளிலிருந்தே வெளியூர்ப் பணத்தை வாங்கி வெளியூருக்கே கொடுப்பது இங்குள்ள வங்கித் தொழிலின் பெரும்பகுதி. உள்நாட்டு வங்கிகளுக்கு இடையிலான கட்டங்களை எவ்வளவு கவனமாக நிரப்பினாலும், சங்கிலியின் பல கண்ணிகள் அந்தத் தாளுக்கு வெளியே இருக்கும். அதனால் வங்கிகளை மேற்பார்வை செய்யும் சிங்கப்பூர் நாணய ஆணையம் ஒரே எண்ணை நம்பி உட்காருவதில்லை. 'நெருக்கடிச் சோதனை' என்று ஆண்டுதோறும் ஒன்றை நடத்துகிறது: பொருளியல் இவ்வளவு சுருங்கினால், வட்டி இவ்வளவு ஏறினால், வீட்டு விலை இவ்வளவு விழுந்தால் உங்கள் மூலதனம் என்னவாகும் என்று வங்கிகளையே கணக்குப் போடச் சொல்வது.

## பட்டியலில் இருந்தால் ஆபத்தா, பாதுகாப்பா?

2015இல் சிங்கப்பூர் நாணய ஆணையம் ஏழு வங்கிகளை உள்நாட்டு அளவில் அமைப்புக்கு முக்கியமானவை என்று அறிவித்தது: டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி, சிட்டிபேங்க், எச்எஸ்பிசி, மேபேங்க், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட். சுருக்கமாக டி-சிப் பட்டியல் என்பார்கள். அளவு, பிணைப்பு, மாற்று கிடைப்பது, சிக்கல் ஆகியவற்றைப் பார்த்து எடுத்த முடிவு.

"ஐயோ, ஆபத்தான வங்கிப் பட்டியலா?" என்று கேட்டவர்களும் உண்டு, "அப்படியென்றால் அரசாங்கமே காப்பாற்றும்" என்று நிம்மதியானவர்களும் உண்டு. பட்டியல் இரண்டையும் சொல்லவில்லை. விழும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அது அளக்கவே இல்லை. விழுந்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை அளந்தது. வலி அதிகம் என்பதால் அதிகத் தற்காப்பு கேட்கிறது. சிங்கப்பூரில் நிறுவப்பட்ட டி-சிப் வங்கிகள் வைத்திருக்க வேண்டிய 'பொதுப் பங்கு முதல்தர மூலதனத்தின்' குறைந்தபட்ச அளவு, ஆபத்துக்கேற்ப எடையிட்ட சொத்தில் 6.5 விழுக்காடு, பேசல் குழுவின் உலக அளவுக் குறைந்தபட்சம் 4.5. கூடுதலான அந்த 2 விழுக்காடு, காய்கறிக்காரரின் 10,000ஐக் கூட்டிய அதே வேலை. இங்கே சில்லறை வாடிக்கையாளர்களிடம் பெரிய அளவில் தொழில் செய்யும் வெளிநாட்டு டி-சிப் வங்கிகள் அந்தத் தொழிலை உள்ளூரில் பதிவான நிறுவனமாக நடத்த வேண்டும் என்பதும் விதி. வெளியூரில் தாய் வங்கி தடுமாறினாலும் இங்குள்ள மூலதனம் இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு.

நம் சேமிப்பைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலால் ஒரு மாற்றமும் இல்லை. வைப்புத்தொகைக் காப்புறுதி 2024 ஏப்ரல் முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 100,000 வெள்ளி வரை, முன்பு 75,000. திட்டத்தில் உள்ள வங்கி டி-சிப் ஆனாலும் சிறியது ஆனாலும் வரம்பு ஒன்றே. சிங்கப்பூர் வெள்ளியில் உள்ள வைப்புகளுக்குத்தான் அது பொருந்தும். அமெரிக்க டாலர் கணக்கும், யூனிட் டிரஸ்டும், வங்கி ஊழியர் மேசையில் வைத்து விற்கும் முதலீட்டுத் திட்டங்களும் சேராது. 2008இல் லீமனோடு தொடர்புடைய பத்திரங்களில் ஏறக்குறைய 10,000 பேர் 500 மில்லியன் வெள்ளிக்கு மேல் போட்டிருந்தார்கள். அவர்களில் பலர் அதை வைப்புத்தொகை போன்றது என்றே நினைத்திருந்தார்கள்.